பேர் மாத்தாத வண்டி

எட்டுப் போடவா வந்திருக்க? அதான பாத்தேன். கையில எல் போர்டை வச்சுக்கிட்டு முழிக்கியே. உக்காரு எம்மா, இந்த ஆர்.டி.ஓ. ஆபீசுல இந்த பெஞ்சுலதான் நிழல் இருக்கு. காலை மட்டும் கீழ ஊனிராத, கேட்டியா? இப்ப போனாளே பச்சை சுடிதார், நல்லாத்தான் போனா. கடைசி வளைவுல பயந்துபோய் ஒரு காலைத் தரையில வச்சுட்டா. பிரேக் இன்ஸ்பெக்டர் கையை மட்டும் ஆட்டினாரு. அவ்வளவுதான், போயிட்டு அடுத்த மாசம் வா.

நானா? நான் எட்டும் போடல, பத்தும் போடல. எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. ஒரு கையெழுத்துப் போட வந்திருக்கேன். அந்தா மூணாவது ஜன்னல்ல நிக்கான் பாரு, கட்டம் போட்ட சட்டை, அவன் பேரு இசக்கிராஜா. அவன் கூடத்தான் வந்தேன். வரிசை நகர மாட்டேங்கு. நகராட்டாலும் ஒண்ணுமில்ல, எனக்கென்ன அவசரம்? அவனுக்குத்தான் அவசரம். பொண்டாட்டிக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு.

ரெண்டு போன் வச்சிருக்காளேன்னு பாக்குதியா? இது என்னோடது. இந்தக் கறுப்பு எங்க வீட்டுக்காரவியளது. அவிய போய் ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. போனுக்கு என்ன, சார்ஜ் போட்டா எரியுது. நம்பரை நிறுத்திருங்கன்னு என் கொழுந்தன் மகாராசன் சொல்லிச் சொல்லிப் பாத்தான். நான் மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணிருவேன். பிறகு இதுல ஒரு உதவி கேப்பேன், செய்வியா? பெரிசா ஒண்ணுமில்ல. ஒரு படத்தைத் திறந்து பாத்துச் சொல்லணும். இப்ப வேண்டாம். பிறகு.

ஆவுடையப்பன்னு பேரு. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தாவ. விசிலை ஊதி, வண்டியை எடு எடுன்னு டிரைவரை விரட்டுத வேலை. அந்த வேலைக்கு வேற ஆளே கிடைக்க மாட்டாவ. ஏன்னா வீட்டுலயும் அப்படித்தான். ஸ்கூட்டர் வாங்கின அன்னைக்கு, சந்தனம் குங்குமம் வச்சு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கன்னு சொன்னேன். நம்பர் பிளேட் வரட்டும்னாவ. நம்பர் பிளேட் வந்துச்சு. இன்சூரன்ஸ் பேப்பர் கையில வரட்டும்னாவ. லைசென்சு, ஆர்.சி. புக், இன்சூரன்சு, புகை சோதிச்ச சீட்டு எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அதை இன்னொரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு, சீட்டுக்கு அடியில வச்ச பிறகுதான் சாவியைத் திருகினாவ. ஒன்வேன்னு போர்டு இருந்தா போதும், ஆளே இல்லாத தெருவா இருந்தாலும் இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் வருவாவ. தெருவுல நாலு பேரு சிரிப்பான். எனக்கு மானம் போகும்.

சரி, அது அவிய பாடு. என் பாடு என்னன்னு கேளு. பின்னால உக்காருதவளுக்கும் ஹெல்மெட் உண்டும்லா சட்டத்துல? வண்டி வாங்கின கையோட எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டாவ. சிவப்புக் கலரு. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, அதை ஏன் பொய் சொல்லணும்? ஆனா நான் அப்ப தினமும் பூ வைக்கிறவ. பூ இல்லாம வாசல்படி தாண்ட மாட்டேன். முதநாள் கோயிலுக்குக் கிளம்பி, பிச்சிப்பூவை நெருக்கமா கட்டி வச்சுக்கிட்டு வந்து நிக்கேன், இந்த மனுசன் தலையில கவுக்கச் சட்டியைத் தூக்கிட்டு வாராவ. "பூ நசுங்கிரும்"னேன். "கையில வச்சுக்கோ, இறங்கினப்புறம் வச்சுக்கோ"ன்னாவ. யாராவது பூவைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போவாளா? மார்க்கெட்டுக்கு விக்கவா போறேன்?

"பக்கத்துலதான் கோயிலு, ஒரு நாளைக்கு விடுங்க"ன்னேன்.

"பக்கத்துலன்னா தலை உடையாதா?"

"அப்ப நான் பஸ்ல வாரேன்."

"வா"ன்னாவ.

நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவிய வான்னுட்டாவ. பிறகு நான் இறங்கி வர முடியுமா? நீயே சொல்லு. அன்னைக்குப் பிடிச்ச பிடிதான். கல்யாணமா, காட்சியா, எளவு விழுந்த துட்டி வீடா, எங்க போனாலும் நான் பஸ்ல, அவிய ஸ்கூட்டர்ல. அதுல ஒரு கூத்து என்னன்னா, அவியளும் முன்னால வேகமாப் போய்ச் சேர மாட்டாவ. பஸ்ஸு கூடயேதான் வருவாவ. நான் டிரைவருக்குப் பின்னால ஜன்னல் சீட்டுல உக்காந்துக்குவேன். முன்னால அவிய முதுகு தெரியும். வெள்ளைச் சட்டை, கறுப்பு ஹெல்மெட்டு, இடது தோள் கொஞ்சம் சரிஞ்சிருக்கும். விசில் பிடிச்ச பழக்கமோ என்னவோ. பஸ் ஸ்டாப்புல நின்னா அவியளும் ஓரமா நிப்பாவ. திரும்பிப் பாக்க மாட்டாவ. கண்ணாடியில பாக்குதாவன்னு எனக்குத் தெரியும். அவிய பின்னால அந்த ஸ்கூட்டர்ல நான் ஒரு நாள் கூட ஏறல எம்மா. என் மேல என்ன தப்பு இருக்கு? ஒரே ஒரு தடவை, சரி போனாப் போகட்டும் ஏறுன்னு சொல்லிருக்கலாம்லா?

உசிரு போனதும் ரோட்டுல இல்ல, கேட்டியா. அத்தனை ஹெல்மெட்டு, அத்தனை கவரு, கடைசியில சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பலகையைப் படியில சாத்தி வண்டியை உள்ள ஏத்தி, ஹெல்மெட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு நாற்காலியில உக்காந்தாவ. காப்பி கொண்டுட்டு வந்தேன். ஆளு இல்ல. அப்படியே உக்காந்த மேனிக்கு. ஹெல்மெட்டு இன்னும் ஆணியில லேசா ஆடிக்கிட்டு இருந்துச்சு. அதை நான் யாருட்டயும் சொன்னதில்ல. உன்ட்ட ஏன் சொல்லுதேன்னு தெரியல.

பதினாறு கழிஞ்ச உடனே மகாராசன் வண்டியை வித்துட்டான். என்ட்ட ஒரு வார்த்தை கேக்கல. "வாசல்ல நின்னா பாக்கப் பாக்க அழுவிய மதினி, அதான்"னான். யாரோ தெரிஞ்சவனுக்குத் தெரிஞ்சவனாம், கையில சாவியையும் ஆர்.சி. புக்கையும் குடுத்து அனுப்பிட்டான். பேரு மாத்தணும், வாரிசு சர்டிபிகேட் வைக்கணும், முதல்ல என் பேருக்கு, பிறகுதான் வாங்கினவன் பேருக்குன்னு எவ்வளவு இருக்கு? ஒண்ணும் செய்யல. ஊர்ல எல்லாவனும் அப்படித்தானே விக்கான்? வண்டி ஒருத்தன்ட்ட, பேரு ஒருத்தன்ட்ட. அவிய இருந்திருந்தா அவன் காதைத் திருகி இங்கன கூட்டிட்டு வந்திருப்பாவ. ஆனா அவிய இருந்திருந்தா வண்டியை ஏன் விக்கப் போறோம்? பேச்சு எங்கயோ போவுது பாரு.

வண்டி போன பிறகு வீடு வீடாவே இல்ல. அந்தப் பலகை மட்டும் கதவுக்குப் பின்னால சும்மா சாஞ்சு நிக்கும். அப்பதான் ஒரு நாள் மத்தியானம் இந்தக் கறுப்பு போன்ல கிணிங்குன்னு ஒரு சத்தம். பக்கத்து வீட்டு ரேவதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ காலேஜ் டீச்சரு. படிச்சுட்டு என்னைய ஒரு மாதிரிப் பாக்கா. "அத்தை, மாமா வண்டி நம்ம வண்ணாரப்பேட்டையில சிக்னலை மீறிப் போயிருக்குன்னு அபராதம் வந்திருக்கு"ங்கா. பேரைப் போட்டிருக்கான் எம்மா. ஆவுடையப்பன். உரிமையாளர் ஆவுடையப்பன். அன்னைக்குத் தேதி, அன்னைக்கு நேரம். அதுல ஒண்ணை அமுக்கினா படம் வருது. பின்னால இருந்து எடுத்த படம். நம்பர் பிளேட்டு, அதுக்கு மேல ஒரு முதுகு.

முதுகு, எம்மா. இடது தோள் சரிஞ்ச முதுகு.

எனக்கு புத்தி கெட்டுப் போகலை, கேட்டியா. வேற எவனோ ஓட்டுதான்னு தெரியும்லா. தெரியாமலா இருக்கும்? ரேவதியும் அதைத்தான் சொன்னா. ஆனா அவளுக்கு என்ன தெரியும்? அஞ்சு வருசம் பஸ் ஜன்னல் வழியா அந்த முதுகைப் பாத்தது நானா அவளா? சிக்னல்ல மஞ்சள் விழுந்தாலே நிறுத்தி காலை ஊனுத மனுசன் சிவப்புல போயிருக்காவ. எங்க போற அவசரம்? வீட்டுக்குத்தான் வாராவளோன்னு நினைச்சேன். அன்னைக்குச் சாயங்காலம் பலகையை எடுத்துப் படியில சாத்தி வச்சேன். சும்மாதான் வச்சேன். ரேவதி பாத்துட்டுப் போனா.

பிறகு வந்துக்கிட்டே இருந்துச்சு. ஜங்ஷன்ல ஒன்வேயில போயிட்டாவ. முருகன்குறிச்சியில ஸ்பீடா போயிட்டாவ. ஒரு படத்துல ஹெல்மெட்டே இல்ல, தலை நிறைய முடி. எங்க வீட்டுக்காரவியளுக்கு முன்னந்தலை பின்னந்தலை எல்லாமே வழுக்கை. போன இடத்துல முளைச்சிருக்கும்னு சிரிச்சுக்கிட்டேன். அபராதத்தை ரேவதியை வச்சு நானே கட்டிருவேன். கட்டாட்டா வண்டியைப் பிடிச்சுப் போட்டுருவான்லா? பிறகு அவிய எதுல போவாவ? இருந்த காலத்துல ஒரு தப்புக்கூட பண்ணாத மனுசன். இப்ப ஆசை தீரப் போகட்டுமே, யாரு கேக்கப் போறா?

ஒவ்வொரு தடவை சத்தம் வரும்போதும் பலகையைச் சாத்துவேன். காலையில எடுத்து உள்ள வைப்பேன்.

நடுவுல ஒரு மாசம் போல ஒண்ணுமே வரல. போனைத் தட்டித் தட்டிப் பாக்கேன். சத்தமே இல்ல. எனக்குச் சோறு இறங்கல. திருந்தி ஒழுங்கா ஓட்ட ஆரம்பிச்சுட்டாவளோன்னு பயம். சிரிக்காத. ஊர்ல எல்லாப் பொம்பளையும் புருசன் ஒழுங்கா ஓட்டிட்டு வரணும்னு கும்பிடுவா. நான் ஒருத்திதான், ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு பண்ணுங்கன்னு நெல்லையப்பர்ட்ட நிக்கேன்.

கும்பிட்டது பலிச்சது. வந்துச்சு. ரேவதி இல்ல, அதுக்குள்ள எனக்கே திறக்கத் தெரிஞ்சு போச்சு. திறக்கேன். வண்ணாரப்பேட்டை சிக்னல். பின்னால ஒருத்தி உக்காந்திருக்கா. ஹெல்மெட் இல்ல. தலை நிறைய பூ.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்க? அடுப்புல குழம்பு கருகிப்போன வாடை வந்த பிறகுதான் நான் நின்ன இடமே எனக்குத் தெரிஞ்சது. கட்டினவளுக்கு ஹெல்மெட்டு, எவளோ ஒருத்திக்கு பூவா? எனக்கு இருந்த சட்டம் அவளுக்கு மட்டும் எங்க போச்சு? அழுதேன் எம்மா. செத்த அன்னைக்குக் கூட அப்படி அழல. மறுநாள் கிளம்பிப் போய் அந்த சிக்னல்லயே நின்னேன். அதுக்கு மறுநாளும் நின்னேன். டிராபிக் போலீஸ்காரன், "என்னம்மா, ஆளு யாரையும் தேடுதியளா"ன்னு கேட்டான். ஆமா, என் வீட்டுக்காரவியளன்னேன். நிழல்ல நில்லுங்கன்னான்.

வந்துச்சு. நம்பரைத் தூரத்துலயே பாத்துட்டேன். நடு ரோட்டுல இறங்கி கையை நீட்டி மறிச்சேன். பிரேக்கைப் பிடிச்சு நிறுத்தினவன் பின்னால இருந்து அவ விழப்பாத்தா. அப்பதான் பாக்கேன், வயிறு. மாசமா இருக்கா. முகத்துல மீசை கூட சரியா முளைக்காத பய ஓட்டுதான். அதான் இந்த இசக்கிராஜா. அவ பேரு வேணி.

நான் யாருன்னு சொன்னதும் அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். "எம்மா, உங்களைத்தான் பாக்கணும்னு இருந்தேன். உங்க கொழுந்தனாரு உங்க வீட்டுப் பக்கமே வரக்கூடாதுன்னுட்டாரு. வண்டி என் பேருல இல்லாட்டா சாப்பாடு கொண்டு குடுக்கிற வேலையில சேக்க மாட்டேங்கான். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்சும் கிடைக்காதாம். இவளை வேற இதுலதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்"னான். பாவமாத்தான் இருந்துச்சு. பிறகு ஒண்ணு சொன்னான் பாரு. எனக்கு நல்லது சொல்லுதேன்னு நினைச்சுச் சொன்னான். "பேரு மாத்திட்டா இந்த மெசேஜ் தொந்தரவு எல்லாம் உங்களுக்கு வராதும்மா."

பிறகு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

வீட்டுக்கு வந்தான். நாள் நல்லா இல்லன்னேன். திரும்ப வந்தான். இறப்புச் சான்றிதழைக் காணோம்னேன். நான் ஒண்ணும் ஒளிச்சு வைக்கல, அரிசி டின்னுக்குள்ள பத்திரமா இருந்துச்சு, அவ்வளவுதான். வாரிசு சர்டிபிகேட்டுக்கு தாசில்தார் ஆபீசுக்கு அவனே அலைஞ்சான். நான் என்ன வேணும்னா இழுத்தடிச்சேன்? ஆபீஸ்னா இழுக்கத்தான செய்யும்?

பிறகு ஒரு நாள் அவ வந்தா, வேணி. தனியா, நடந்து. அந்த வயித்தோட. "வண்டியில வரலையா"ன்னு கேட்டேன். "போலீஸ் பிடிச்சு ஸ்டேஷன்ல வச்சிருக்கு, பேரு வேற ஆளு பேருல இருக்குன்னு. நீங்க வந்து சொன்னா விட்டுருவாவளாம்"னா. அழல, கெஞ்சல. நாற்காலியில உக்காந்து மூச்சு வாங்குதா. அவிய உக்காந்த நாற்காலி. "அங்கன உக்காராத, எந்திரி"ன்னு கத்திட்டேன். அவ பயந்து போய் எந்திரிச்சு நிக்கா. தலையில அதே மாதிரி பூ.

என்ன நினைச்சேனோ, வாயில வந்துட்டு. "மாசமா இருக்கிறவ ஹெல்மெட் போடாம உக்காருவியா? பக்கத்துல போனாலும் தலைன்னா தலைதான?"

"பூ நசுங்கிருதும்மா"ங்கா அவ.

"கையில வச்சுக்கோ. இறங்கினப்புறம் வச்சுக்கோ."

சொன்னது நான்தான். ஆனா சொன்னது நான் இல்ல, எம்மா. அந்த வீட்டுல அந்தச் சத்தத்தை நான் கேட்டு ஒரு வருசம் ஆச்சு. திரும்பி ஆணியைப் பாத்தேன். ஹெல்மெட்டு ஆடல. சும்மாதான் தொங்குச்சு.

உள்ள போய் அந்தச் சிவப்பு ஹெல்மெட்டை எடுத்துட்டு வந்து அவ கையில குடுத்தேன். பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்கல. அப்படியே புதுசா இருந்துச்சு. ஸ்டேஷனுக்குப் போய் வண்டியையும் மீட்டுக் குடுத்தேன். அங்கன வச்சு அந்தப் பயட்ட சொன்னேன். "கையெழுத்துப் போடுதேன். ஆனா அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு செய்யணும்."

என்னன்னு கேட்டான். சொன்னேன். அவனுக்கு விளங்கல. திரும்பச் சொன்னேன்.

"எம்மா, அங்கன கேமரா இருக்கு. ஃபைன் வரும்"னான்.

"வரணும்"னேன்.

போன வாரம்தான். ஆணியில இருந்து அவிய ஹெல்மெட்டை எடுத்து அவனுக்குப் போட்டு விட்டேன். அவிய வெள்ளைச் சட்டை ஒண்ணையும் குடுத்தேன், தொளதொளன்னு இருந்துச்சு, பரவாயில்ல. பூவைக் கைப்பைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டேன். வாசல்ல வச்சு வைக்க முடியுமா? தாலியைக் கழட்டினவ பூ வைக்கலாமான்னு தெருவே கேக்கும். நீ கேக்கல. நல்ல பிள்ளை. தெரு முனை தாண்டினப்புறம் நிறுத்தச் சொல்லி, பிச்சிப்பூவை எடுத்து வச்சுக்கிட்டு, ஏறி உக்காந்தேன். ஹெல்மெட் இல்லாம. அந்த சீட்டு எவ்வளவு மெத்துன்னு இருக்கு தெரியுமா? எனக்கு அதுவரைக்கும் தெரியாது. வண்ணாரப்பேட்டை சிக்னல் கிட்ட வரும்போது, "மெதுவாப் போப்பா"ன்னேன். ஸ்கூட்டர் பக்கத்துல ஒரு பஸ் வந்துச்சு. ஜன்னல்ல யாரோ ஒரு பொம்பளை என்னையப் பாத்துக்கிட்டே போனா.

இன்னைக்குக் காலையில இந்த போன்ல சத்தம் வந்துச்சு. நான் திறக்கல. அத்தனை படத்தையும் பாத்தவதான். இதை மட்டும் திறக்க முடியல. கேமராவுல நான் விழாம இருந்திருந்தா? பூ தெரியாம இருந்திருந்தா? இனிமே வேற மெசேஜ் வராதும்லா. இந்தா, நீயே பாரு. அந்த நீல எழுத்தை அமுக்கு. சுத்தும், கொஞ்சம் பொறு.

வந்துட்டா?

என்ன போட்டிருக்கு? பின்னால இருக்கவளுக்கு ஹெல்மெட் இல்லன்னு போட்டிருக்கா? பேரு? ஆவுடையப்பன். ஆமா. சரி, படத்தைச் சொல்லு. பூ தெரியுதா? நல்லாத் தெரியுதா? எவ்வளவு பெரிசா? அவிய முதுகு? என்னது, தெரியலையா? நல்லாப் பாரு எம்மா. வெள்ளைச் சட்டை, இடது தோள்...

ஓ. நான் மறைச்சுக்கிட்டு இருக்கேனா?

ஆமா. பின்னால உக்காந்தா மறையத்தான செய்யும். எனக்கு அது தோணவே இல்ல பாரு. கறுப்பு ஹெல்மெட்டு மட்டும் மேல தெரியுதா? போதும். அது போதும். குடு, போனைக் குடு. இல்ல, நான் அழல. வெயிலு.

இசக்கிராஜா கையை ஆட்டுதான். ஜன்னல்ல கூப்பிடுதாவ போல. கேக்குதா உனக்கு? "ஆவுடையப்பன்... ஆவுடையப்பன் யாரு?" வண்டி யாரு பேருல இருக்கோ அவியளைத்தான கூப்பிடுவான்? நான் போய் கையெழுத்துப் போட்டுட்டா பிறகு அந்தப் பேரை எவனும் கூப்பிட மாட்டான்.

போறேன், போறேன். நீ காலை ஊனிராத, கேட்டியா?

இரு. இன்னொரு தடவை கூப்பிடட்டும். பிறகு எந்திரிக்கேன்.